பிரேக் சரியாகத்தான் இருந்தது

நைனா,

இன்று காலை பழவேற்காட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மூக்கில் அந்த வாசனை ஏறியது. கருப்புப் பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒருவர் மீன் வேன் ஒன்றின் ஒரு பக்கத்தைக் கல்லின்மேல் ஏற்றிவிட்டு, கோணியில் மல்லாந்து படுத்து, அடிப்பக்கம் முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். எஃப்.சி. காட்டப் போகிறார்கள். மீன் தண்ணீரும் ஏரிக்காற்றும் தின்று முடித்த இரும்பின்மேல் ஒரு பூச்சு பூசினால் போதும், வண்டி இன்னொரு வருஷம் ஓடலாம் என்று சீட்டு கிடைத்துவிடும். வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பேசியதில் பாதி சண்டை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நீ முதலிலிருந்தே டிரைவர் இல்லை. கோட்டைக்குப்பத்தில் உன் வயதுக்காரர்கள் எல்லோரையும்போல வலைக்குப் போனவன்தான். முகத்துவாரத்தை மண் மூடி, படகுகள் கடலுக்குப் போக வழியில்லாமல் கிடந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்தாய். அப்போது அம்மாவின் பெரியப்பா மகன், உனக்கு மச்சான், எனக்கு மாமா, எங்கிருந்தோ ஒரு பழைய வேனை வாங்கி வந்திருந்தார். “நம்ம ஆளு கையில சாவி இருந்தா எனக்கு நிம்மதி” என்று சொல்லி உன்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து குப்பத்துப் பெண்களையும் அவர்களுடைய நண்டு, இறால் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவது உன் வேலை ஆனது. பஸ்ஸில் கூடைகளை ஏற்ற விடமாட்டார்கள், நாற்றம் என்பார்கள். அதனால் அந்த வேன் இல்லாவிட்டால் அந்தப் பெண்களுக்கு வியாபாரமே இல்லை.

நான் பொன்னேரித் துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் வேனில்தான் போவேன். பின்னால் கூடைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பேன். முன் சீட்டு கன்னியம்மா அக்காவுக்கு. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். வழி முழுக்க உன்னைக் கிண்டல் செய்துகொண்டே வருவார்.

“இன்னா அண்ணே, வேன் ஓட்டறியா, மாடு ஓட்டறியா? நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள மார்க்கெட்டே கலைஞ்சிடும்.”

“நண்டு உசுரோட போவணும்ல.”

“நண்டு செத்தா பரவால்ல, வேகமாப் போ!”

“நீங்களும்தான் உசுரோட போவணும்” என்பாய். பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். உனக்குப் பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் ஆரன் அடித்து, திட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். நீ யாரையும் தாண்டி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் திரும்பி வந்ததும் குழாயடியில் வேனை நிறுத்திக் கழுவுவாய். கூடைகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் வழியெல்லாம் தரைத்தகட்டின் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கியிருக்கும். நீ குனிந்து, கையை விட்டு, குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றுவாய். பழுப்பாக வடியும். ஒருநாள் உள்ளங்கையை என்னிடம் காட்டினாய். துரு, செதில் செதிலாக ஒட்டியிருந்தது. “பாரு தங்கம், வண்டி கையோட வருது” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

போன ஐப்பசி மழைக்கு முன்னால்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வலதுபக்கப் பின்சக்கரத்துக்கு மேலே கடக் என்று கேட்கும். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, நேராக மாமாவைக் கூட்டிவந்தாய். நம் வீட்டு வாசலில் நின்றுதான் பேசினீர்கள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

“மச்சான், பின்னாடி ஸ்பிரிங் பட்டையைச் சேஸியோட புடிச்சிகினு இருக்குது பாரு, அந்த எடமே துருப்புடிச்சி உளுத்துப் போச்சி. ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உள்ள போவுது. பெயிண்டுக்கு அடியில இரும்பே இல்ல.”

“போன மாசம்தானே எஃப்.சி. பாஸ் பண்ணிகினு வந்தோம்?”

“பெயிண்ட் பாஸாச்சி மச்சான். வண்டி ஆவல.”

மாமாவுக்கு முகம் மாறியது. “பாத்து சீல் அடிச்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? இப்ப நிறுத்தினா சீசன் போயிடும். பொங்கலுக்கு அப்பால பாத்துக்கலாம். ஓட்ட பயமா இருந்தா சாவியக் குடு. ஆளா இல்ல?”

நீ சாவியைக் கொடுக்கவில்லை, நைனா.

அன்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள். “அவ்ளோ மோசம்னா நீ ஏன் அத்த எடுத்துகினு போற?”

“நான் எறங்கினா வேற எவனாவது ஏறுவான். அவன் அடிச்சி ஓட்டுவான். நானா இருந்தா பாத்து மெதுவா போவேன்” என்றாய்.

இந்தப் பதிலுக்காக உன்மேல் இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை. எத்தனையோ முறை உன்னிடம் கத்தியிருக்கிறேன், நீ கேட்க முடியாத இந்த நாட்களில். மெதுவாகப் போனால் இரும்பு வளர்ந்துவிடுமா? அந்தப் பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, காப்பாற்ற வேண்டியவர் செய்யாததை உன் உடம்பால் ஈடுகட்டப் பார்த்தாய். அவருக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று உனக்குத் தெரியாது.

கார்த்திகையில் ஒருநாள், நான் பஸ்ஸில் முன்னதாகவே போய்க் கடையில் இருந்தபோது போன் வந்தது. திருப்பாலைவனம் தாண்டி வருகிற வளைவில் வேன் வாய்க்காலில் கவிழ்ந்துவிட்டது என்றார்கள். நான் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேன் டிரைவர் பக்கம் கீழாகச் சேற்றில் கிடந்தது. கூடைகள் சிதறி, நண்டுகள் தார் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. பைக்கை நிறுத்திய இரண்டு பேர் அவற்றைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்து, “ஓரமாப் போம்மா, கடிச்சிடும்” என்றார். அந்தக் கரிசனத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் நீ இல்லை. கன்னியம்மா அக்காவுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. மற்றவர்களுக்கு அடி, தையல். எல்லோரும் பிழைத்தார்கள்.

உன்னை அடக்கம் செய்த பிறகுதான் போலீஸ் எழுதியதைச் சொன்னார்கள். ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டியதால் நடந்த விபத்து. குற்றவாளி நீ. எனக்கு முதலில் புரியவே இல்லை. ஊரே ஆமை என்று கேலி செய்த மனுஷனைப் பற்றியா இது?

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பின்பக்கம் வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவில் வேனைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தரையில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தேன். வலதுபக்கப் பட்டை தனியாகத் தொங்கியது. அதைப் பிடித்திருந்த இடம் சேஸியிலிருந்து பிய்ந்து, சுற்றிலும் பழுப்பாகப் பொத்தலாக இருந்தது. விரலால் அழுத்தினேன். அப்பளம்போல நொறுங்கியது. போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

“சார், வந்து அடியில பாருங்க சார். ஒடைஞ்சிருக்கு.”

“கவுந்தா ஒடையத்தாம்மா செய்யும்” என்றார் அங்கிருந்த ஏட்டு.

“இல்ல சார், துருப்புடிச்சி ஒடைஞ்சதனாலதான் கவுந்திச்சி.”

“அதெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரும்மா. பிரேக் சரியாத்தான் இருந்ததுன்னு எழுதிட்டாரு. அப்புறம் யாரு தப்பு?”

பிரேக் சரியாகத்தான் இருந்தது, நைனா. நீதானே அதைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாய். அவர்கள் கேட்ட ஒரே கேள்விக்கு உன் வண்டி சரியான பதில் சொல்லிவிட்டது. அதனால் உனக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது.

பதினாறாம் நாள் முடிந்ததும் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாமா வெள்ளை வேட்டியில் வந்து முதல் ஆளாக அழுதார். உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. பெரியவர் ஒருவர் பேச்சை முடிக்கப் பார்த்தார்.

“செத்தவன் மேல கேஸு போனா போவுது. அவனுக்கு இனிமே இன்னா ஆவப் போவுது? உசுரோட இருக்கறவனக் கோர்ட்டுக்கு இழுத்தா நாளைக்கு நம்ம பொம்பளைங்களுக்கு வேன் வுடறது யாரு?”

நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. கன்னியம்மா அக்காவைக் கட்டுப்போட்ட காலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வந்து வைத்திருந்தார்கள்.

“ஸ்பீடுன்னு எவன் சொன்னான்?” என்று கேட்டார். “நான் பக்கத்துல குந்திகினு இருந்தவ. சைக்கிள்காரனே எங்களத் தாண்டிப் போனான். பின்னாடி டமார்னு ஒரு சத்தம். வண்டி அப்டியே ஒரு பக்கமா குந்திச்சி. அண்ணன் ஸ்டேரிங்க இந்தப் பக்கம் ஒடிக்கறாரு, வண்டி அந்தப் பக்கமே போவுது. ‘புடிச்சிக்கோங்க, புடிச்சிக்கோங்க’ன்னு கத்திகினே இருந்தாரு. எங்களையெல்லாம் புடிச்சிக்கச் சொன்னாரு. அவரு ஒண்ணையும் புடிச்சிக்கல.”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வலியில இருந்தவங்களுக்கு எது முன்னால எது பின்னாலன்னு எப்படித் தெரியும்?”

அவ்வளவுதான். விதி என்று சொல்லிக் கலைந்தார்கள்.

ஆனால் நான் விடவில்லை. மனு எழுதி, படங்களைப் பிரிண்ட் போட்டு இணைத்து, ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தேன். கடைசியாக ஒருவர் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். “இது உங்க வண்டிதான்னு எப்படிம்மா நம்பறது? நம்பர் பிளேட்டே தெரியலையே” என்றார். வண்டியின் அடியில் நம்பர் எழுதியிருக்காது என்று சொன்னேன். அப்படியானால் வண்டியைக் காட்டச் சொன்னார்.

வண்டி அதற்குள் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்துவிட்டது. மாமா அதை எடுத்துப்போய், அழுகிய பாகத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார். நீ கேட்டபோது பொங்கலுக்கு அப்புறம் என்றாரே, அந்த வேலை. நீ போன பிறகு பொங்கல் வரைக்கும்கூட அவர் காத்திருக்கவில்லை. உன்னைக் கொன்ற இரும்பு இப்போது எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ. ஓட்டுவதற்குத் தோணிரேவுக்காரர் ஒருவரைப் போட்டிருக்கிறார். அவர் வேகமாக ஓட்டுகிறார். பெண்களுக்கு ஒரே சந்தோஷம், மார்க்கெட்டில் நல்ல இடம் கிடைக்கிறதாம்.

நீ இருந்தவரை மார்க்கெட்டுக்குப் போகாத அம்மா இப்போது நண்டு வியாபாரம் செய்கிறாள். அந்த வேனில்தான் போகிறாள். உன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறாளாம்.

“எப்படிம்மா உன்னால அதுல கால் வைக்க முடியுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பஸ்ல கூடைய ஏத்துவானா? நீ ஏத்த வை, நான் எறங்கறேன்.”

அம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கன்னியம்மா அக்கா மட்டும் அதன்பின் அந்த வேனில் ஏறவில்லை. இனி ஏறவும் முடியாது, கால் சரியாகக் கூடவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரிக்கிறார். எப்போதாவது நான் அந்தப் பக்கம் போனால், “உங்க நைனா என்னய ரொம்ப மெதுவாத்தான் கூட்டிகினு போனாரு” என்கிறார். கேலியா, துக்கமா தெரியாது. அந்தக் குரலைக் கேட்கத்தான் நானும் போகிறேன்.

உன்னைப் பற்றிய காகிதத்தை என்னால் மாற்ற முடியவில்லை. போன வாரம் பஸ் அந்த வளைவில் திரும்பும்போது, எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவருக்கு வாய்க்காலைக் காட்டினார். “இங்கதான் ஒருத்தன் கண்ணுமண்ணு தெரியாம வேன் ஓட்டிகினு வந்து வுட்டான். பொம்பளைங்க உசுரெல்லாம் அவன் கையில இருக்குதுன்ற நெனப்பு வேணாம்?”

நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

“அவர் எங்க நைனா. மெதுவாத்தான் போனாரு. வண்டி துருப்புடிச்சிப் போயிருந்திச்சி. ஓட்ட லாயக்கில்லன்னு ஓனர்கிட்டச் சொன்னாரு, அவரு கேக்கல.”

சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கு இன்னாம்மா தெரியும்? ஊர்ல சொன்னாங்க, நானும் சொன்னேன்.”

“இப்ப நான் சொல்லிட்டேன் இல்ல? இனிமே இத்த சொல்லுங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னேரியில் இறங்கும்வரை என் பக்கம் பார்க்கவே இல்லை.