சயோரிக்கு வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி

டோக்கியோ, 18 பிப்ரவரி 1991

அன்புள்ள கிகுயே,

நீயும் அம்மாவும் நலம்தானே? கூரைப் பனியைத் தள்ள நீ தனியாக ஏறாதே. இங்கே கட்டட வேலையில் சாரத்தில் கால் வழுக்கி எனக்கு இடது மணிக்கட்டு கொஞ்சம் பிசகியது. இரண்டு நாள் ஓய்வு, அவ்வளவுதான்.

அந்த ஓய்வில் அகிஹபாரா மின்சாதனக் கடைத்தெருவுக்குப் போய் நம் மகள் சயோரிக்குக் கையில் வைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி வாங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கேட்டு எழுதியது வண்ணத் திரை உள்ள கேம் கியர். நான் வாங்கியது கறுப்பு வெள்ளை கேம் பாய்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். "பொண்ணு கேட்டது கலர்தானே சார்? இதைக் கொடுத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா."

"வெச்சுக்கட்டும்மா. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் பொண்ணுகிட்ட இதுதான் இருக்காம். ரெண்டு பெட்டியையும் ஒயர் போட்டு இணைச்சா ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்ல?" என்று ஒயரையும் வாங்கினேன்.

முறிந்த கால் எலும்பு கூடும்வரை மூன்று மாதம் அவள் ஆஸ்பத்திரியில்தான். வண்ணம் இல்லாமல் இருந்துவிடலாம், கூட ஆள் இல்லாமல் முடியாது. ஊரை விட்டு வந்த எட்டு வேலையாட்கள் படுக்கும் இந்த அறையில் எனக்கு அது நன்றாகத் தெரியும். அவள் அழுதாலும் மாற்றித் தருவதாகச் சொல்லிவிடாதே.

முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. உன் கடிதம் இரண்டு பக்கமாவது இருக்கட்டும். ஓய்வு முடிந்துவிட்டது, வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. முதல் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று உடனே எழுது.

கென்சாகு