கை நடுங்கியவர் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

எடின்பரோவிலிருந்து ஷாரோன். நான் நல்லா இருக்கேன். இங்க மழை பேஞ்சிக்கினே இருக்குது. உங்க முட்டி வலி குறைஞ்சுதா? செவிலிமேட்டுக்கு நடக்காம டவுன் பஸ்லயே போங்க.

எங்க லேப்ல, குடி மூளையை என்ன செய்யுதுன்னு ஆராயுறோம். போன வாரம், குடியை விட்டு ஒரு வருஷமான பெரியவர் ஒருத்தர் பரிசோதனைக்கு வந்தார். அவர் கை நடுங்கி, குடிக்கக் கொடுத்த டீ முழுக்க என் கோட்டு மேல கொட்டிடுச்சு. சூடில்ல, பயப்படாதீங்க. அவர்தான் கூனிக் குறுகிட்டார்.

"எங்க அப்பாவுக்கும் முன்னாடி காலையில சட்டை பட்டன் போட வராது. குடியை விட்டு ரெண்டு வருஷமாச்சு. இப்ப அம்மாவோட தையல் மெஷினுக்கு அவரே நூல் கோக்கிறார்"ன்னு சொன்னேன். மூளை கொஞ்சம் கொஞ்சமா தேறுதுன்னு அந்தப் பெரியவரோட ஸ்கேனையும் காட்டினேன்.

அவர் அதைப் பாக்கல. "உங்க அப்பாகிட்ட திரும்பப் பேச உங்களுக்கு எவ்வளவு நாளாச்சு?"ன்னு கேட்டார். அவர் மகள் இன்னும் பேசலையாம்.

நானும் இன்னும் சரியா பேசலைதானேப்பா. அம்மா போனை உங்ககிட்ட கொடுத்தா, "சாப்டீங்களா"ன்னு மட்டும் கேட்டுட்டு வெச்சிடறேன். நீங்க குடிச்சிருக்கீங்களான்னு குரலை வெச்சே கண்டுபிடிக்கிற சின்ன வயசுப் பழக்கம் இன்னும் போகல. அது உங்களுக்கும் தெரியும்னு நினைக்கிறேன்.

அம்மாகிட்ட சொல்லி மிளகாய்த்தூள் அரைச்சு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் கூப்பிடறேன். போனை நீங்களே எடுங்க. இந்த வாட்டி நான் முதல்ல வைக்க மாட்டேன்.

லேபுக்கு நேரமாச்சு.

உங்க மகள்,
ஷாரோன்