பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி

மார்ச் 4, செவ்வாய்

அறிவியல் கூடத்து எலும்புக்கூட்டுக்குத் தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடியை மாட்டி, கையில் சாக்பீஸ் கொடுத்து, எங்கள் வகுப்பு வாசலில் நிறுத்திவைத்தேன். அவ்வளவு ஒற்றுமை. ரசனை இருந்தால் பாராட்டியிருப்பார். அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்.

அம்மா வந்தாள். உட்கார்ந்தாள். "உங்க பொண்ணு இருக்காளே..." என்று அவர் முதல் புகாரை முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். வாய் திறந்து, குறட்டையோடு. ஜன்னலில் என் வகுப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். பரிதாபப்பட இவங்க யாரு?

மார்ச் 6, வியாழன்

அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது, தூக்கம் வரவில்லை என்று அம்மாவுக்கு டாக்டர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். மூன்று வருடமாக அந்த இரண்டு வாரம் முடியவில்லை. முதலில் ராத்திரிக்கு. அப்புறம் மதியத்துக்கு. இப்போது பல் தேய்த்ததும் ஒன்று. சீட்டே கேட்காமல் மருந்துக் கடைக்காரன் கொடுக்கிறான், இளித்துக்கொண்டே. நான் எண்ணிவிடக் கூடாது என்று அட்டையிலிருந்து பிரித்து, காலியான க்ரீம் டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறாள்.

இன்று கேட்டேவிட்டேன். "நீ இதுக்கு அடிமையாயிட்டேம்மா."

"டாக்டர் குடுத்த மருந்துடீ. நான் என்ன தெருவுல விழுந்தா கிடக்கறேன்?"

"இல்ல. ஹெச்.எம். ரூம்ல விழுந்து கிடக்கறே."

அடிப்பாள் என்று நினைத்தேன். கையை ஓங்கினாள், எதற்கு ஓங்கினோம் என்பது மறந்துபோய்த் தலையைச் சொறிந்துகொண்டாள்.

குடிகாரன் பொண்ணு என்றால் ஊரில் ஒரு பெயராவது உண்டு. மாத்திரைக்காரி பொண்ணுக்கு என்ன பெயர்?

மார்ச் 9, ஞாயிறு

"பக்கத்தில் போதை சிகிச்சை" என்று போனில் தேடினேன். உதவி செய்கிறவர்களின் லட்சணம் இதோ:

முதல் ஆள்: "குடிக்கு மட்டும்தாம்மா பார்க்கறோம். அம்மா குடிப்பாங்களா?" இல்லை என்றேன். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது." மன்னிச்சுக்குங்க சார், நாளையிலிருந்து குடிக்கச் சொல்றேன்.

அடுத்தது ஒரு "மறுவாழ்வு மையம்". எடுத்தது ஒரு தேன் குரல். "அம்மாவுக்கு என்ன வயசு? விவாகரத்து ஆயிடுச்சா, வழக்கு நடக்குதா? எந்த மாதிரி மாப்பிள்ளை எதிர்பார்க்கறீங்க?" இரண்டாம் கல்யாணம் பண்ணி வைக்கிறவர்களாம். தூங்காத மாப்பிள்ளையாகப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தேன்.

மூன்றாவது ஆள் கேட்டது: "பேஷண்ட் எங்க? அவங்களே பேசணும்." பேஷண்ட் சோபாவில், கையில் ரிமோட்டோடு, வேறு உலகத்தில். நாசமாப் போங்க எல்லாரும்.

மார்ச் 11, செவ்வாய்

யாரும் வேண்டாம். நானே டாக்டர்.

சித்தி காபியில் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு இனிப்பு மாத்திரை போடுவாள். வெள்ளை, உருண்டை, அம்மாவுடையதைப் போலவே பொடிசு. க்ரீம் டப்பாவில் இருந்த சரக்கு கழிப்பறைக்குள், இனிப்பு மாத்திரை க்ரீம் டப்பாவுக்குள். அம்மா இருக்கிற மயக்கத்தில் தண்ணீரோடு விழுங்கிவிடுவாள், நாக்குக்குத் தகவலே போகாது.

என் வாழ்நாளின் தலைசிறந்த சேட்டை. கை தட்ட ஆள் இல்லை, அதுதான் குறை.

மார்ச் 13, வியாழன்

வேலை செய்கிறது! அம்மா பகலில் தூங்கவில்லை. ராத்திரியும்தான். வியர்க்கிறது, கை நடுங்குகிறது, தோலுக்குள் ஏதோ ஊர்கிறது என்கிறாள். விஷம் இறங்குகிறது என்று அர்த்தம். நேற்று ஒன்றுக்கு நாலாக விழுங்கினாள். விழுங்கட்டும், தாயே. சர்க்கரைகூட ஏறாது.

மார்ச் 15, சனி

அம்மா சமையலறையில் விழுந்தாள்.

விழுந்ததும் உடம்பு மொத்தமும் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே போச்சு. வாயில நுரை. நான் அம்மா அம்மான்னு கத்தறேன், எனக்கே என் குரல் கேக்கல. பாத்திரமெல்லாம் கீழே. சித்திக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் வந்துடுச்சு.

அவசரப் பிரிவு டாக்டர் ரொம்ப சின்ன வயசு. "வழக்கமா மாத்திரை ஏதாவது எடுத்துக்குவாங்களா?"

சொன்னேன்.

"திடீர்னு நிறுத்திட்டாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வராதா? ஒன்பது விதமா வரும். அம்மாவோட கால் போர்வைக்கு வெளியே நீட்டிட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டேன். அவங்க நிறுத்தல. நான்தான் மாத்தி வெச்சேன்.

அவர் ஊசியைத் தயார் பண்ணச் சொல்லிக் கத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "இந்த மாத்திரைய ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரும். உயிரே போயிருக்கும். தெரியுமா உனக்கு?"

சித்தி பஸ் கண்டக்டர். பையோடு, சீருடையோடு ஓடி வந்தவள், அதைக் கேட்டதும் காது அடைக்கும்படி ஒன்று விட்டாள், கன்னத்தில். வலிக்கவில்லை. இன்னொன்று விட்டிருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

கண் விழித்துவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்

மாத்திரைப் பழக்கத்தை விட வைக்கிற ஓர் இடத்தை அந்தச் சின்ன டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கே தெரியுமா? எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி! எத்தனை தடவை அந்தப் படிக்கட்டின் கீழே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போர்டு இல்லை. போனில் தேடினாலும் வராது.

"ஒரு போர்டு மாட்டினா என்ன கேடு உங்களுக்கு?" என்று நர்ஸிடம் எகிறினேன்.

"மாட்டினோம். ஒருத்தரும் படி ஏறல. இப்ப எல்லாரும் பல்லுக்குப் போற மாதிரி வர்றாங்க." குண்டு நர்ஸ், குத்தூசிக் கண். "நீதான் அந்த இனிப்பு டாக்டரா?"

பெயர் எனக்கு முன்னால் படி ஏறிவிட்டிருக்கிறது.

"அம்மா மாத்திரைய விடணும்னுதானே செஞ்சேன்?"

"மாடிலேருந்து தள்ளி விட்டுட்டு, கீழ இறக்கிட்டேன்னு சொல்லுவியா? ஒவ்வொரு படியாத்தான் இறக்கணும். கொஞ்சம் குறைச்சு, உடம்பு பழகினதும் இன்னும் கொஞ்சம். மாசக்கணக்காகும். கோவம் வரும், தூக்கம் வராது, உன்னைக் கண்டாலே எரிஞ்சு விழுவாங்க."

"அது இப்பவே நடக்குது."

மாத்திரையை வீட்டில் யாராவது பத்திரமாக வைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். யார் என்று நர்ஸ் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இவ கைபட்டது எதுவும் என் வாய்க்குள்ள போகாது."

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அம்மா என்னைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம். சித்தி பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.

ஏப்ரல் 2, புதன்

இன்று காபி போட்டுக் கொடுத்தேன். நான் பார்க்கும்போதே கழுவுதொட்டியில் ஊற்றினாள். சித்தி கொடுக்கும் மாத்திரையைக்கூட முதலில் நாக்கு நுனியில் வைத்துக் கசக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள். பார்ப்பது மாத்திரையை அல்ல, என்னை.

சரிதான். ஆனால் மூன்று வருஷம் உயிரோட இருந்தும் இல்லாம இருந்தது யாரு? அதை எந்த நாக்கு நுனில வெச்சுப் பார்க்கறதாம்?

ஏப்ரல் 20, ஞாயிறு

மருந்துக் கடைக்காரன் சித்தியிடம் மாட்டினான். நிறைந்த பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தும் குரலில், கடை வாசலில் நின்று கேட்டாள்: "சீட்டு இல்லாம எங்கக்காவுக்கு என்னத்த வித்தே நீ?" தெருவே திரும்பியது. அவன் முகத்தில் இளிப்பைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்து ஒரே ரகளை. "என் மானத்தை வாங்கவா ரெண்டு பேரும் கிளம்பினீங்க?" கதவை அறைந்து சாத்தினாள். இரண்டு தடவை. முதல் தடவை சத்தம் பத்தவில்லை போல.

மே 27, செவ்வாய்

மறுபடி ஒரு படி குறைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் குழாய் சொட்டினாலும் தாங்கவில்லை. என் எழுத்து, நடை, நான் மெல்லும் சத்தம், எல்லாம் குற்றம்.

"பழைய அளவே குடுத்துடச் சொல்லு, என்னால முடியல" என்று சித்தியிடம் அழுதாள். சித்தி வேலைக்குக் கிளம்ப வேண்டும். நான் அம்மாவின் செருப்பை எடுத்து முன்னால் போட்டேன். "அந்த நர்ஸ்கிட்டயே வந்து கேளு. வா."

வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மேல்மாடியில் அந்தக் குண்டம்மா, "சரி, இந்தப் படியிலயே இன்னும் கொஞ்ச நாள் நிப்போம். ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம்" என்றாள். இப்படி நிற்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே! இறங்கும்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். படி செங்குத்து, அதனால்தான். தெருவுக்கு வந்ததும் எடுத்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

அம்மா முன்பு முடி வெட்டிக்கொண்டிருந்த அழகு நிலையத்து முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: யாருக்காவது முடி வெட்டிக் காட்டு, கை நிதானமாக இருந்தால் மறுபடி வேலைக்கு வா. சித்தி தன் கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு டியூட்டி இருக்கிறது என்று ஓடிவிட்டாள். இன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

அம்மா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். கூப்பிடவில்லை. நானே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதுகைக் காட்டினேன். கழுத்தைச் சுற்றித் துண்டு விழுந்தது, கொஞ்சம் இறுக்கமாகவே.

பின்கழுத்தில் இரும்பு சில்லென்றது. அவள் விரல் லேசாக நடுங்குவது முடி வழியாகத் தெரிந்தது.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கட்டும். அசையாதே."

அசையவில்லை. வெட்டி முடித்தாள். இடது பக்கம் வலதைவிட ஒரு விரல் குட்டை. முகவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அந்தப் பக்கத்தைச் சரி பண்றேன், தலைக்குக் குளிச்சுட்டு வந்து உக்காரு" என்றாள்.