ஐந்தரை மணி பஸ்ஸுக்கு முன்னால்

அன்புத் தங்கைக்கு,

வாய் திறக்காமல் இருந்தது போதும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் நான் உன்னோடு பேசவில்லை. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, நர்ஸிடம் மட்டும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதாவது சொல்ல நினைத்தாயா?

நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குத் தெரியாது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் கம்பெனி பஸ்ஸில், புதிதாகச் சேர்ந்த பெண் இன்ஜினியர்களுக்கு நீ ஆலோசனை சொல்வாயாம். அதில் முதல் ஆலோசனையே "எங்க அண்ணன் மாதிரி இருந்துராதீங்க" என்பதுதானாம். ஒருவர் வேலை மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியவன் நான். இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுத உனக்குச் சொல்லிக்கொடுத்தவன். நான் பயிற்சி கொடுத்த மூன்று பேர் எனக்கே மேலதிகாரிகளாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அன்றைக்கு அவர்களோடு உன்னையும் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது வீட்டுச் செய்தி. என் மகள், உன் செல்லம், உன் வேலைக்கே வந்துவிட்டாள். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பிரேக் பாகங்களைக் கேமரா வைத்துச் சோதித்து, பழுதானதைத் தள்ளிவிடும் ஒரு இயந்திரத்துக்கு முழுப் புரோகிராமும் அவள் எழுதியது. ஆறு மாத வேலை.

போன வாரம் கேட்டாள்: "அப்பா, வர்ற வியாழக்கிழமை மெஷின ஒப்படைக்கிறாங்க. ஆறு மணிக்கு மேலதான் ட்ரையல்ங்கறாங்க. நான் இருக்கட்டுமா, எப்பவும்போல அஞ்சரை பஸ்ஸுல வந்துரட்டுமா?"

உனக்குத் தெரிந்த வழக்கம்தான். இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புது இயந்திரம் சரியாக ஓடியதும், அதைச் செய்தவர் என்று ஒரு இன்ஜினியர் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். பதவி உயர்வு வரும்போது அந்தத் தாள்களைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ட்ரையல் என்பது எப்படியும் பொழுது சாய்ந்துதான் நடக்கும். ஐந்தரைக்கு பஸ் கிளம்பிவிடும். பெண்கள் அதில் ஏறிவிடுவார்கள். யார் மிச்சம் இருக்கிறானோ அவன் கையெழுத்துப் போடுவான்.

நான் மகளிடம் சொன்னேன்: "பஸ்ஸுல வந்துரும்மா. கையெழுத்துல என்ன இருக்குது? நம்ம வேலை பேசும்."

அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "உங்க வேலை பேசுச்சாப்பா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. அந்த பஸ்ஸில் நீ அப்படி என்னதான் சொன்னாய்? இத்தனை நாள் அதைக் கேட்கவேண்டும் என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

கல்லறைத் திருநாளன்று காலையில் உன் கல்லறைக்கு மூன்று பெண்கள் வந்தார்கள். உன்னிடம் வேலை பார்த்தவர்கள். அவர்களில் ஊத்தங்கரைப் பெண் ஒருத்தி இப்போது இருபது பேருக்குத் தலைவியாம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த அண்ணன் நீங்கதானா சார்?"

"எந்த அண்ணன்?"

மற்ற இருவரும் மெழுகுவர்த்தி கொளுத்துவதில் மும்முரமாகிவிட்டார்கள். அவள் விடவில்லை. "கோவிச்சுக்காதீங்க. 'எங்க அண்ணன் மாதிரி புரோகிராம் எழுதுங்கடி, ஆனா எங்க அண்ணன் மாதிரி இருந்துராதீங்க. யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு வருசக்கணக்கா உக்காந்திருக்காரு. யாரும் கேக்க மாட்டாங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க'ம்பாங்க மேடம்."

முன்பாதியை என்னிடம் சொல்லவந்தவர் எங்கே விட்டுவிட்டு வந்தார்? அல்லது அவர் சொல்லி, நான்தான் காதில் வாங்கவில்லையா?

"வேற என்னம்மா சொல்லுவா?"

மூவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். வேலை தொடங்கும் முதல் மீட்டிங்கிலேயே, ஒப்படைக்கும் நேரம் மதியம் மூன்று மணி என்று எழுதி வாங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் 'பஸ்ஸுக்கு ஓடுறவ' என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் கேட்டுவிட வேண்டும். மீட்டிங்கில் டீ ஊற்றச் சொன்னால் ஒருதரம் ஊற்றலாம், மறுதரம் பிளாஸ்க்கைப் பக்கத்து ஆள் முன்னால் நகர்த்திவிட வேண்டும். "பொண்ணு பாக்க வந்தா சம்பளத்த அப்புறம் சொல்லு, ஷிப்ட் டைம முதல்ல சொல்லும்பாங்க சார். ரெண்டு பேரு காப்பி குடிக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாங்க!" என்று ஒருத்தி சிரித்தாள்.

பிறகு ஊத்தங்கரைப் பெண் சொன்னாள்: "மேடத்துக்கே ஆரம்பத்துல மூணு மெஷின் போயிருச்சு சார். எழுதுனது அவங்க, கையெழுத்து வேற ஆளு."

"யாருன்னு சொன்னாளா?"

"அத மட்டும் சொல்ல மாட்டாங்க. 'கெட்டவங்க இல்லடி, பழக்கம்'னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாங்க."

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் நாம் ஒரே கம்பெனியில் இருந்தோம். பஸ் போன பிறகு மிச்சம் இருந்தவன் நான். மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டது நான். திருடுகிறேன் என்று நினைத்துப் போடவில்லை. பேனாவை நீட்டினார்கள், போட்டேன். மறுநாள் காலை நீ வந்து "நல்லா ஓடுச்சாண்ணா?" என்று மட்டும் கேட்பாய். தாளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாயா? ஒரே ஒருதரம் சண்டை போட்டிருக்கக் கூடாதா? எனக்குச் சேரவேண்டியதை யார் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று இத்தனை வருடம் உருப்போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, நான் எடுத்துக்கொண்டது எப்படி ஒருநாள்கூட நினைவுக்கு வரவில்லை? இந்தக் கேள்வியை விட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தைக்குத் தெரியுமாப்பா?" என்றாள். தெரிந்திருக்கும் என்றேன். "நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில், "ட்ரையல மூணு மணிக்கு வச்சுக்கலாமா சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அவளுடைய மேனேஜர், "ஏம்மா, பஸ்ஸ விட்டுட்டா உங்கப்பா வந்து கூட்டிட்டுப் போக மாட்டாரா?" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

"வருவாரு சார். ஆனா மெஷின் காலையிலயே ரெடி. ஆறு மணி வரைக்கும் அது எதுக்குச் சும்மா நிக்கணும்?"

மூன்று மணி என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் எழுதியதை மாற்ற எத்தனை நேரமாகும்?

அந்த மேனேஜர் யார் தெரியுமா? நான் பயிற்சி கொடுத்த மூவரில் ஒருவன். ஒரே ஒரு போன் போட்டால் போதும், பழைய கணக்கையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். கை பரபரக்கிறது. மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க போன் பண்ணுனா அது உங்க மெஷினாயிரும்பா."

நாளை வியாழக்கிழமை. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் போன் செய்யமாட்டேன். மூன்று மணிக்கு அவள் கையெழுத்துப் போடட்டும், அல்லது ட்ரையலை மறுபடி ஆறு மணிக்குத் தள்ளினால் அவளே மல்லுக்கட்டட்டும். எது நடந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் இந்தக் கடிதத்தை, இந்தப் பக்கத்துப் பெண் இன்ஜினியர்கள் நடத்தும் இணையப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. என் பெயரையும் போடப்போவதில்லை. என் பெயரைப் பார்த்தால் அந்த மேனேஜர், "ஓ, அப்பா சொல்லிக்கொடுத்துக் கேட்டதா?" என்பான். அவள் கேட்டது அவளுடையதாகவே இருக்கட்டும்.

உன் அண்ணன்