வெளிப்படை என்றால் உட்கார வேண்டும்

மே 6
இல்லை, இந்தக் கணக்கு வகுப்பை யாரும் கேட்டு ஆரம்பிக்கவில்லை. அம்மாவிடம் இதோடு எத்தனையாவது முறை சொல்கிறேன். ஆராய்ச்சியை முடிக்காமல், விடுமுறையில் ஊரான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது எந்த ஊர் நியாயம் என்கிறாள். நான் சொல்லித் தரவில்லை அம்மா, அவர்களே போர்டில் போடுகிறார்கள்.
"அப்ப நீ எதுக்குடி?"
நல்ல கேள்வி.

மே 9
கல்லூரியில் பூட்டிக் கிடந்த பழைய ஆய்வக அறை. சாவி என்னிடம். வருகைப் பதிவு இல்லை, தேர்வு இல்லை. விதி ஒன்றுதான்: போர்டில் நிற்பவர் "இது வெளிப்படை" என்று ஒரு படியைத் தாண்டினால், கீழே இருப்பவர் மேசையை இரண்டு முறை தட்டலாம். தட்டினால் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார வேண்டும். தட்டியவர் வந்து போட்டுப் பார்க்க வேண்டும்.
கூட்டாளி — என்னோடு ஆராய்ச்சி செய்பவன், இந்த யோசனையில் பாதி அவனுடையது — இன்று மட்டும் மூன்று தடவை உட்கார்ந்தான். மூன்று தடவையும் தட்டியது ஒரே முதலாண்டுப் பெண். எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாள். சாயங்காலத்துக்குள் அவள் பெயரே 'ஏன்' ஆகிவிட்டது.

மே 23
துறைத் தலைவர் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். ரசித்தார்.

மே 26
துறைத் தலைவரின் ஏற்பாடு: பெரிய அரங்கு. மைக். சான்றிதழ். கழுத்தில் மாட்ட அட்டை. இனித் தலைவரே பாடம் எடுப்பாராம். கூட்டாளி ஒருங்கிணைப்பாளர். எனக்கு வாசலில் அட்டை கொடுக்கும் வேலை.
"கோவிச்சுக்காத. பெருசாகுதுல்ல, நல்லதுதானே?" என்றான்.
யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

மே 30
தலைவர் சொன்னார்: ஓர் எல்லையை நெருங்கிக்கொண்டே போகும் எண்களின் தொடர்முறைக்கு இரண்டு எல்லைகள் இருக்க முடியாது, இது வெளிப்படை.
அரங்கில் மேசை கிடையாது. நாற்காலிக் கைப்பிடியில் யாரோ ஒரு தட்டு. இரண்டாவது கேட்கவில்லை. பார்த்தேன் — 'ஏன்' கையின்மேல் கூட்டாளியின் கை.
நான் தட்டினேன். வாசல் மேசை, நல்ல சத்தம்.
"என்னம்மா?" என்றார் தலைவர்.
விதியைச் சொன்னேன். மைக் இல்லாத என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"நல்ல விளையாட்டுதான். டீ குடிக்கும்போது வெச்சுக்கலாம்."
சிரித்தார்கள். இத்தனை நாள் மேசையை உடைத்த அதே ஆட்கள். 'ஏன்' கூடச் சிரித்தாள். இல்லை, குனிந்திருந்தாள். சிரித்தாள் என்று எழுதத்தான் கை போகிறது.

மே 31
போட்டுப் பார்த்தேன். நான்கு வரி நிரூபணம். தலைவர் சொன்னது சரிதான். தப்பாகவாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 2
'ஏன்' முதல் வரிசையில். கழுத்தில் நான் கொடுத்த அட்டை.

ஜூன் 3
காலையில் அவளிடமிருந்து செய்தி: "அக்கா, அந்த ரெண்டு எல்லை விஷயம்… ஏன் இருக்க முடியாது? இங்க யார்கிட்டயும் கேக்க முடியல."
நான்கு வரியையும் போனில் அடித்தேன். அழித்தேன். முதல் வரிசைக்காரிக்கு எதற்கு?
"அது வெளிப்படை" என்று அனுப்பினேன்.
பிறகு:
"டக் டக்."
அதன் பின்னாலேயே இன்னொன்று: "ரெண்டு எல்லை இருக்குன்னே வெச்சுக்குவோம்."
முதல் வரி. சரியான முதல் வரி. என்னைக் கேட்காமலே எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்துவிட்டாள். அம்மாவின் குரல்தான் கேட்டது:
அப்ப நீ எதுக்குடி?
மதியம் போய், இனி என் கையில் தேவையில்லாத ஆய்வக அறைச் சாவியைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.