சத்தம் வெளியே போகாத அறை

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மகன் அதீபின் சலாம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் ஷார்ஜாவில் நலம். தங்கச்சி ஆஸிஃபாவின் வீட்டுக்காரர்தான் இப்போது உங்கள் போனை எடுக்கிறார். அதனால் ஊருக்கு வரும் தாஜுதீன் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மட்டும் படியுங்கள்.

போன வாரம் ஒரு பங்களாவில் ஏசி டக்ட்டைச் சுத்தம் செய்யக் கூரைக்குள் ஏறினேன். அந்தத் தகரக் குழாய் எல்லா அறைக்கும் போகும், குளிரோடு சத்தத்தையும் கொண்டுவரும். ஏதோ ஓர் அறையில் ஒருவன் ஒரு பெண்ணைப் பெல்ட்டால் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் பாஷை புரியவில்லை, அழுகை புரிந்தது. இறங்கிப்போய்க் கதவை உதைத்தேன். அவன் பெல்ட் பக்கிளால் என் புருவத்தைக் கிழித்தான். நான் ஸ்பேனரால் அவன் மணிக்கட்டை உடைத்தேன். அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். எனக்கு நாலு தையல்தான், பயப்படாதீர்கள்.

நம் வீட்டு மாடி அறைக்கு மாப்பிள்ளை ஸ்பிளிட் ஏசி கேட்டாரே, நல்ல சாமான்தான். டக்ட் வேண்டாம், சுவரில் ஒரு ஓட்டை போதும், கரண்டும் குறைவு. "ஜன்னல சாத்திக்கலாம் மச்சான், சத்தம் வெளிய போவாது" என்றார். வெளிச் சத்தம் உள்ளே வராது என்பதை மாற்றிச் சொல்கிறார் என்று அன்று சிரித்தேன். ஆஸிஃபாவின் உதடு வீங்கியதற்கு, உப்பளத்து வரப்பில் விழுந்தாள் என்றார். அதையும் நம்பினேன்.

இன்றிலிருந்து அவள் உங்கள் அறையில் படுக்கட்டும். பாயிடம் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுங்கள், இங்கே சோறு இறங்கவில்லை. லீவு கிடைத்ததும் வருகிறேன். ஏசி மாட்ட ஆள் தேட வேண்டாம், ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

அதீப்