வெட்டுக்கிளி தின்ற ஐந்து வருஷம்

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். போயிருக்க வேண்டாம். போதகர் இன்று எடுத்த பகுதி, வெட்டுக்கிளி தின்று தீர்த்த வருஷங்களைக் கர்த்தர் திருப்பித் தருவார் என்பது. எல்லோரும் ஆமென் என்றார்கள். இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த குருவியும் சொன்னாள், மற்றவர்களைவிட ஒரு சுருதி கூடவே. சொல்ல மாட்டாளா பின்னே? என் வருஷங்களைத் தின்ற வெட்டுக்கிளியே அவள்தான்.

குருவி என்று பேர் வைத்ததும் நான்தான். பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த புதிதில் வாய் ஓயாது, ஆனால் ஊசி குத்தினால் நரம்பு தப்பிவிடும். பதினாலு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவள் நான். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தேன். காலையில் வேலை தொடங்குமுன் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபம் பண்ணுவோம். கூடப்பிறந்தவள் மாதிரிதான் வைத்திருந்தேன்.

பிப்ரவரி 10

இப்போது வேலை செய்கிற லாண்டரியில் இன்று தொண்ணூறு விரிப்பு. ரத்தக்கறை பட்டதைப் புதிதாக வந்தவள் சுடுதண்ணீரில் போட்டுவிட்டாள், கறை அப்படியே பிடித்துக்கொண்டது. பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இப்போது இதற்குத்தான் உதவுகிறது.

பிப்ரவரி 13

அந்த வாக்குத்தத்தம் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. திருப்பித் தருவேன், திருப்பித் தருவேன் — எதை? எப்படி?

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பெண்கள். குருவிதான் ரத்தம் எடுத்தாள். டியூப் மாறிவிட்டது. ஒருத்திக்குச் சேராத ரத்தம் ஏற்றிவிட்டார்கள், பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழைத்தாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். விசாரணைக்கு முந்தின நாள் குருவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பயப்படாதீங்கக்கா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன்." மறுநாள் அதே வாயால், "அக்காதான் எடுத்தாங்க" என்றாள். மூத்தவள் என்று எல்லாச் சீட்டிலும் கையெழுத்துப் போடுகிறவள் நான். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. இந்த வேலை பார்க்கக் கவுன்சிலில் இருக்க வேண்டிய என் பதிவை ரத்து செய்தார்கள். ஐந்து வருஷம் கழித்து வேண்டுமானால் மனுப் போடலாம் என்றார்கள்.

எப்படிடீ வாய் வந்தது உனக்கு? நான் என்னடீ குறை வச்சேன்?

பிப்ரவரி 20

கவுன்சிலிலிருந்து மனுப் படிவம் வந்துவிட்டது. ஏழாவது கேள்வி: நடந்த தவறில் உங்கள் பங்கு என்ன? "எதுவும் இல்லை" என்று பென்சிலால் எழுதிவைத்தேன். "பேனாவாலயே எழுதேன், என்ன தயக்கம்?" என்றார் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு எதிலும் பின்னால் எடுப்பது பிடிக்காது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அந்த வெட்டுக்கிளி வாக்குத்தத்தத்தைச் சொன்ன தீர்க்கதரிசி எழுதினதை முதலிலிருந்து வாசித்தேன். மொத்தமே மூன்று அதிகாரம். திருப்பித் தருவேன் என்கிற இடத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. உடுப்பைக் கிழிக்க வேண்டாம், நெஞ்சைக் கிழித்துக்கொண்டு திரும்பி வாருங்கள் என்று. போதகர் அதைத் தாண்டிப் போய்விட்டார். நான் ஐந்து வருஷமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி. எழுதிவிடுகிறேன். இதை இந்த நோட்டில்கூட எழுதினதில்லை.

ரத்தம் எடுத்து, ஆளிடம் பேரைக் கேட்டு, அப்புறம்தான் டியூபில் லேபிள் ஒட்ட வேண்டும். காலை நெரிசலில் நான் அப்படிச் செய்ததில்லை. ஆறு மணிக்கே உட்கார்ந்து எல்லா டியூபிலும் பேர் ஒட்டி வரிசையாக அடுக்கிவிடுவேன். அரைமணி நேரம் மிச்சம். குருவிக்கும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். "இப்படிப் பண்ணுடி, எட்டு மணிக்குள்ள முடிஞ்சிரும்." அன்று அவள் மாற்றி எடுத்த இரண்டு டியூபிலும் லேபிள் ஒட்டிவைத்தது நான்.

ரத்தம் எடுத்தது நான் இல்லை. அது சத்தியம். ஆனால் அவள் பொய் சொன்னாள் என்பதற்காக நான் சொன்னது முழு உண்மை ஆகிவிடுமா?

பிப்ரவரி 24

பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, ஏழாவது கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்தார். "உனக்கென்ன பைத்தியமா? வர்ற வாய்ப்பையும் நீயே கெடுத்துக்கிறியே." கத்திவிட்டு, அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டு வந்தார்.

மார்ச் 5

பதில் இல்லை. கர்த்தரும் சரி, கவுன்சிலும் சரி, அவசரப்படுகிறவர்கள் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

விசாரணை. குருவியையும் கூப்பிட்டிருந்தார்கள். என் கடிதத்தை எல்லோருக்கும் முன்னால் வாசித்தார்கள். கேட்டுவிட்டு அவளும் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். ஆமாம், நம்பினேன், இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. "ரத்தம் எடுத்தது யாரும்மா?" என்று தலைவர் கேட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஞாபகம் இல்லைங்க சார்."

ஞாபகம் இல்லையாம்.

படிக்கட்டில் பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. வேலை போயிடுச்சுன்னா—"

"எனக்குப் போனப்ப மட்டும் உனக்கு இனிச்சுதா?"

விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டேன். ஒரு தடவை ஏமாந்தா அவ தப்பு, ரெண்டாவது தடவை? கர்த்தாவே, நான் நெஞ்சைக் கிழித்துக்கொண்டேன். அவள் உடுப்பைக்கூடக் கசக்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 28

கவுன்சில் கடிதம். என் பதிவைத் திருப்பித் தருகிறார்கள். முதல் ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். யாருக்கும் தெரியாத தவறையும் நானே எழுதியதைக் கணக்கில் எடுத்தார்களாம். ஆனால் ரத்தம் எடுத்தது நான் என்கிற பழைய தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றச் சாட்சி இல்லை.

வீட்டுக்காரர் இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினார். கேட்டால் சளி என்கிறார்.

முழுச் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது. குருவியை மன்னிக்கலை. மன்னிச்சிட்டேன்னு எழுதினா இந்த நோட்டிலும் பொய் சொன்ன மாதிரி ஆகும். அவளிடமிருந்து பிடுங்கித்தான் கர்த்தர் எனக்குத் தருவார் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். அவர் அவள் பக்கமே போகவில்லை. என் பக்கம் வந்து தந்திருக்கிறார்.

மே 12, திங்கள்

சின்ன கிளினிக். ஏழு மணிக்குத் தொடங்கினோம். மேற்பார்வைக்கு இருக்கிற பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது, பக்கத்திலேயே நின்றாள். முதல் ஆள் ஒரு பெரியவர். கையில் நரம்பு கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் தடவித் தடவித் தேடினேன். கிடைத்தது. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது.

"வலிக்கவே இல்லையேம்மா" என்றார் பெரியவர். "எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?"

பத்தொன்பது வருஷம் என்றேன். லாண்டரியில் இருந்த ஐந்தையும் சேர்த்துத்தான் சொன்னேன்.